கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனாலும் அந்தப் பெயர் கேலிக்கு வைத்ததல்ல, அனுபவப்பட்டு வைத்தது. பீரோவைவிட உயரமான துவைக்கும் இயந்திரங்கள் அங்கே நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். நல்ல காது உள்ளவர்களும் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையைக் காட்டித்தான் பேசியாக வேண்டும். அவர்களுக்கெல்லாம் கைப்பேச்சு இவளிடமிருந்து தொற்றியதுதான். படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து மடிக்கும்போது இடையிடையே ஒரு கை சும்மா இருக்கும் இல்லையா, அந்த ஒரு கையாலேயே ஊர்வம்பு முழுவதையும் பேசி முடித்துவிடுவாள். வேலை நேரத்தில் இவள் ஓயாமல் பேசுகிறாள் என்று சூப்பர்வைசர் ஒருமுறை மேலே புகாரே கொடுத்தார்.

அப்பேர்ப்பட்டவள், குடும்பப் படங்களில் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நிற்பாள்.

படம் எடுப்பது கொழுந்தன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, லீவு நாளில் கழுத்தில் கேமரா. குடும்பம் எங்கே கூடினாலும் ஹால் சுவரோரம் எல்லோரையும் உயர வரிசையில் நிறுத்தி, ட்யூப்லைட்டைப் போட்டு, மூன்றுகால் ஸ்டாண்டை நட்டுவிடுவான். ஒருவர் தலை ஒருவரை மறைக்கக் கூடாது, ஒருவரும் அசையக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த கலை. அண்ணி பேசினால் கை ஆடும், கை ஆடினால் படத்தில் அந்த இடம் புகை அடித்தமாதிரி விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்.

"அண்ணே, அண்ணி கையைக் கொஞ்சம் பாத்துக்கோ."

பார்த்துக்கொள்வது என்றால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது. புருஷன் பெயிண்டர், சாரத்தில் ஏறி ஏறிக் கெட்டிப்பட்ட கை, பிடித்தால் உடும்புப் பிடி. கல்யாணப் படத்திலிருந்து நேற்று எடுத்தது வரை எதை எடுத்தாலும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். விவரம் தெரியாதவர்கள் பார்த்துவிட்டு உருகுவார்கள். "எவ்வளவு பாசம் பாருங்க! இத்தனை வருஷத்துல ஒரு படத்துலயாவது கையை விட்டிருக்காரா?" என்பார்கள். பெயிண்டர் கூச்சத்தோடு சிரிப்பான். கேட்டுக் கேட்டு, தான் பாசத்தில்தான் பிடிப்பதாக அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சொல்லாமலா இருந்தாள்? வீட்டுக்கு வந்து எத்தனையோ தடவை சண்டை பிடித்தாள். "ஒரு நிமிஷம்தானே, அதுக்கு ஏன் இப்படிக் குதிக்கிற?" என்று முடித்துவிடுவான். ஒரே ஒரு நிமிஷம் அத்தனை பேர் முன்னால் அவன் வாயை யாராவது பொத்தட்டும், அப்புறம் பேசலாம்.

கல்யாணமாகி முப்பது வருஷம் நிறைவதற்கு ஒரு வாரம் முன்பு கொழுந்தன் ஒரு பெரிய படச்சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், அதற்குள் ஹாலில் மாட்டிவிடுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனான். காகிதத்தைப் பிரித்தாள். அவளும் புருஷனும் தனியாக நிற்கிற படம். வழக்கமான பிடி. கீழே தங்க எழுத்தில், 'முப்பது வருடம் விடாத கை.'

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு புருஷனையும் மகளையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் கையால் பேசியதை இங்கே வாய்ப்பேச்சாகத்தான் எழுத முடிகிறது. அந்த வேகத்தைப் படிக்கிறவர்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"இது என் வீட்டுச் சுவருல ஏறாது. ஏத்துனா நான் இறக்கிப் போட்டு உடைப்பேன்."

"தம்பி ஆசையா செஞ்சுட்டு வந்திருக்கான்," என்றான் பெயிண்டர். "வேற ஏதாவது நல்ல படம் இருந்தா மாட்டு, வேண்டாங்கல. எல்லாத்துலயும் நான் கையைப் பிடிச்சுட்டுதானே நிக்கிறேன்?"

"அப்ப புதுசா எடு. நான் பேசுற மாதிரி."

"அது விழாது. தம்பிக்கே விழல. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துக் காட்டுங்க, மாட்டிக்கலாம். இல்லேன்னா இதுதான்."

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், அம்மாவின் கைப்பேச்சைப் பால் குடிக்கும்போதே கற்றவள். அன்று மாலையே தன் போனை எடுத்துக்கொண்டு ஹாலில் அம்மாவைப் பேசவைத்து எடுத்தாள். முகம் நன்றாக விழுந்தது. கை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ இழுபட்டுக் கலங்கியிருந்தது. பெயிண்டர் எட்டிப் பார்த்து, "நான்தான் சொன்னேனே," என்றான். வாயாடிக்கு அழுகை முட்டியது. அழக் கூடாது என்று பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

மகள் விடவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தாள், எடுப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை அடுப்படிக்கு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். "கையில ஒரு குத்தமும் இல்லம்மா. வெளிச்சம் கம்மியா இருந்தா கேமரா ரொம்ப நேரம் கண்ணைத் திறந்துட்டே இருக்கும், அதுக்குள்ள கை நகர்ந்துடுது. நல்ல வெளிச்சத்துல நின்னா பட்டுன்னு மூடிக்கும். அந்த ட்யூப்லைட்டுதான் மோசம். ஜன்னல்கிட்ட போய் நின்னாலே பாதி சரியாயிடும்."

வாயாடி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ட்யூப்லைட்டா? ஒரு ட்யூப்லைட்டுக்காகவா முப்பது வருஷம் என் வாயை அடைச்சாங்க? ஜன்னல் பக்கமா நாலு அடி நகத்த ஒருத்தனுக்கும் தோணலையா?"

சனிக்கிழமை காலையில் மூவரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். வெயில் இன்னும் உறைக்கவில்லை, ஆனால் வெளிச்சம் தாராளமாக இருந்தது. மகள் அவர்களைச் சுவரில் ஒட்டவிடாமல் முன்னால் தள்ளி நிறுத்தி, கிட்டே வந்து, விடாமல் தொடர்ந்து எடுக்கும்படி போனை மாற்றி வைத்தாள். "பேசும்மா," என்று சைகை செய்தாள்.

அவளுக்குப் பேச்சே வரவில்லை. என்ன பேசுவது? கேமராவைக் கண்டதும் கைகள் தாமாகவே தொடையோடு ஒட்டிக்கொண்டன. முப்பது வருஷப் பழக்கம் லேசில் போய்விடுமா? முகத்தில் அதே பிள்ளையார் வந்து உட்கார்ந்துகொண்டது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எப்படியோ தைரியத்தைக் கூட்டிக்கொண்டு வலது கையை மெல்லத் தூக்கினாள்.

பெயிண்டரின் கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். கேமரா முன்னால் அவள் கை எழுந்தால் அவன் கையும் எழும், அவ்வளவுதான். ஆனால் அவள் வெடித்துவிட்டாள். பிடியைப் பிய்த்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"விடு! கையை விடு! கல்யாணத்தன்னைக்கு எங்க அப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சாப்பிடாம கிளம்பிட்டிருந்தார். கூட்டத்துல அவர் ஒருத்தருக்குத்தான் என் பேச்சு புரியும். சாப்பிட்டுட்டுப் போங்கப்பான்னு சொல்லக் கையைத் தூக்கினேன். படம் எடுக்கணும்னு பிடிச்சுக்கிட்ட. நீ விடுறதுக்குள்ள அவர் பஸ் ஏறிட்டார். என் கல்யாணச் சாப்பாடு எங்க அப்பாவுக்கு இல்ல! குழந்தை பசியில துடிக்குது, சொல்ல வந்தேன், பிடிச்சுக்கிட்ட. ஊர்க்காரங்க பாசம்னு சொன்னாங்க, நீ பல்லைக் காட்டுன! விடுடா என் கையை!"

எப்போதோ விட்டிருந்தான். அந்தரத்தில் நின்ற தன் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். மகள் கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள். எடுத்ததில் ஒன்றை மகள் தேர்ந்தெடுத்தாள். கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கிவந்த படத்தைப் பெயிண்டர்தான் ஆணி அடித்து மாட்டினான், கேட்காமலே.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்ததும் வராததுமாகச் சுவரைப் பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் படக்காரன் இல்லையா, கிட்டே போகாமல் இருக்க முடியவில்லை. அண்ணியின் பத்து விரலும் நகம் முதற்கொண்டு தெளிவாக விழுந்திருந்தன. வாய் திறந்திருந்தது, புருவம் ஏறியிருந்தது. பக்கத்தில் அண்ணன் அடிபட்டவன் போல நின்றான்.

"கை எப்படி இவ்வளவு நல்லா விழுந்துச்சு?" என்றான். பிறகு, "அண்ணன் முகம்தான் சரியில்ல," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்காததைக் கேட்டான். "அண்ணி இதுல என்ன சொல்றாங்க?"

கூடியிருந்தவர்கள் பெயிண்டரைப் பார்த்தார்கள்.

"வாங்க, சாப்பிடுங்கன்னு சொல்றா," என்றான் பெயிண்டர்.

வாயாடி அவன் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கரண்டியால் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். குழந்தைகள்கூட அடங்கிவிட்டார்கள். அவன் அவளைப் பார்த்தான். அவள் அசையவில்லை.

"கையை விடுடான்னு சொல்றா," என்றான். "என்னைத்தான் சொல்றா. நான் பாசத்துல பிடிக்கல. பேசவிடாமத்தான் பிடிச்சேன்."

அவள் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள். அப்பா சாப்பிடாமல் போனதிலிருந்து ஆரம்பித்தாள். பெயிண்டர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒன்றையும் விடாமல், அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.