காதைப் பார்த்துச் சொன்ன பெயர்

போன வருடம் தை மாதக் கடைசியில், விருத்தாசலத்தில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பள்ளியில் நடந்த ஒரு வினாடி வினாப் போட்டி இது. கணினித் துறை முன்னோடிகளின் படத்தைத் திரையில் காட்டுவார்கள். யாரென்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் குறிப்பு கொடுப்பார்கள். குறிப்பு கூடக்கூட மதிப்பெண் குறையும். பிள்ளையும் பெற்றோரில் ஒருவரும் ஜோடியாக உட்கார வேண்டும். மணியடித்து விடை சொல்வது பெற்றோர்தான் என்பது விதி.

மகள் அப்பாவைத்தான் நம்பியிருந்தாள். அவருக்குச் சுரங்கத்தில் அன்று பகல் ஷிஃப்ட் விழுந்துவிட்டது. "நீ வந்து என்னாம்மா பண்ணுவ? ஃபோன்ல நம்பர் தேடவே ஒனக்கு நான் வரணும்" என்றாள். "சட்டியில இருந்தாதான அகப்பையில வரும்" என்று அவர் வேறு எடுத்துக் கொடுத்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் ஃபோனில் வைத்திருந்த நாற்பது பேர் படங்களையும் பெயரோடு ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்தேன்.

நான் பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இரண்டு பாதி அச்சைச் சேர்த்துக் கட்டி, களிமண் கூழை ஊற்றி பொம்மை எடுப்பார்கள். அச்சு சேர்ந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு கோடு நிற்கும். அது சொல்லிவைத்தாற்போல இரண்டு காது மேலும் ஓடும். காது உடையாமல் அந்தக் கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பதுதான் பதினோரு வருடமாக என் வேலை. அதனால் அந்த நாற்பது படங்களிலும் நான் பார்த்தது காதைத்தான். மகளிடம் சொல்லவில்லை, சிரிப்பாள்.

போட்டியன்று மேடையில் பெற்றோரின் தொழிலையும் வாசித்தார்கள். ஒருவர் இன்ஜினீயர், இன்னொருவர் கல்லூரி விரிவுரையாளர். என் முறை வந்ததும் "இல்லத்தரசி" என்றார்கள். படிவத்தை நிரப்பியவள் மகள்தான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. மேடையில் வைத்து என்ன கேட்பது?

முதல் படம் ஒரு பெண்மணி. ஃபோனில் பார்த்தபோது கொண்டை போட்டிருந்தார். இங்கே வேறு படம். கூந்தல் காதை முழுக்க மூடியிருந்தது. திருதிருவென்று விழித்தேன். எல்லாக் குறிப்பும் தீர்ந்தது. மகள் என் பக்கமே திரும்பவில்லை.

நல்லவேளை, அடுத்தடுத்து வந்தவர்களுக்கெல்லாம் காது தெரிந்தது. மடமடவென்று மேலேறி, கடைசிக் கேள்வியின்போது இன்ஜினீயர் ஜோடிக்கு அடுத்த இடத்தில் இருந்தோம். குறிப்பே கேட்காமல் சொன்னால் முதலிடம். தப்பாகச் சொன்னால் இருப்பதும் போகும்.

திரையில் சுருட்டை முடியோடு ஓர் இளைஞன். யாரும் மணியடிக்கவில்லை. "இந்த ஆளு நம்ம லிஸ்ட்லயே இல்லம்மா. ஹின்ட் வரட்டும், பேசாம இரு" என்று மகள் கிசுகிசுத்தாள்.

நான் காதைப் பார்த்தேன். மேல் விளிம்பு லேசாக மடங்கி, கீழ்மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இதே காதை வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக ஒரு தாத்தாவிடம் பார்த்திருக்கிறேன். சூளையில் வெந்தால் பொம்மை சுருங்கும், நிறம் மாறும். காதின் அமைப்பு மாறாது. மகள் கையைப் பிடித்து இழுக்க இழுக்க மணியை அடித்தேன். பெயரைச் சொன்னேன்.

போட்டி நடத்தியவர் கையிலிருந்த தாளை இரண்டு தடவை பார்த்தார். "கரெக்ட்டுங்க. இது அவரு காலேஜ்ல படிக்கிறப்ப எடுத்தது. எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"காதப் பாத்தேங்க" என்றேன். அரங்கமே சிரித்தது. எனக்கு முகம் சூடேறிவிட்டது.

அப்போது மகள் மைக்கை வாங்கினாள். "சார், ஃபார்ம்ல நான்தான் தப்பா எழுதிட்டேன். எங்கம்மா பீங்கான் கம்பெனியில பொம்மைக்குக் காது சீவுறாங்க. ஒரு நாளைக்கு எத்தினி காது பாக்குறாங்க தெரியுமா?" என்றாள். சிரிப்பு நின்று கைத்தட்டல் எழுந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை.

அன்று மாலை கோப்பையை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "சட்டியில இருந்துச்சுங்க" என்றேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்று இனி யார் சொன்னாலும், நானே எனக்குச் சொல்லிக்கொண்டாலும், நம்புவதாக இல்லை.