இடதுகைக்காரன் மூன்று முறை கேட்டான்

பேருந்துப் பணிமனையில் அவருக்குப் பதினேழு என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. இளவயதில் குத்துச்சண்டை போட்டவர். பதினேழு சண்டை, பதினேழிலும் வெற்றி. ஒரு தோல்வியும் இல்லாமல் இருபத்தொன்பதாம் வயதில் கையுறையைக் கழற்றியவர் பிறகு மேடைப் பக்கமே போகவில்லை. அப்போதும் டயர் பிரிவில்தான் வேலை, ஐம்பத்தைந்து வயதான இப்போதும் அங்கேதான். நெம்புகோலை விளிம்பில் கொடுத்து ஒரே அழுத்தில் டயரைக் கழற்றும்போது மட்டும் பழைய முதுகு சட்டைக்குள் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கூடத்தில் தினமும் ஒரு சண்டை நடக்கும். வாய்ச்சண்டைதான். எலக்ட்ரீஷியனும் தகரவேலைக்காரரும் குத்துச்சண்டைப் பைத்தியங்கள். முப்பது சண்டை ஜெயித்த ஒரு சாம்பியன், பலமான எதிராளி ஒருவனோடு மோதாமல் இரண்டு வருடமாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். அதுதான் அந்த மாதம் முழுவதும் பேச்சு.

"ஓடுறான்ணே, ஓடுறான்!" என்பார் எலக்ட்ரீஷியன். "முப்பது ஜெயிச்சானாம். யாரை ஜெயிச்சான்? வயசாகிப் போனவன், கை ஒடிஞ்சு வந்தவன், நேத்து கத்துக்கிட்டு இன்னைக்கு வந்தவன். இப்படின்னா நானும் சாம்பியன்தான்."

"நீ ஏணில ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குற ஆளு," என்பார் தகரவேலைக்காரர். "மூஞ்சில குத்து வாங்குறவனுக்குத் தெரியும், யாரோட மோதணும்னு. உனக்கென்ன, உக்காந்த இடத்துல வீரம்."

கடைசியில் இருவரும் பதினேழின் பக்கம் திரும்புவார்கள். "நீங்க சொல்லுங்கண்ணே."

அவர் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "ஆளைத் தேர்ந்தெடுக்கறது மேனேஜர் வேலை. மேடை ஏறினவன் அடிப்பான், அவ்வளவுதான்." தோற்காதவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சேது? டப்பாவைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் உதிரிபாகக் கிடங்குக்கு ஒரு பெண் புதிதாக வேலைக்கு வந்தாள். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். அளவாகப் பேசுவாள், கணக்கில் ஒரு திருகாணிகூடத் தப்பாது. பதினேழு என்பது அவருடைய பணியாளர் எண் என்றே முதலில் நினைத்திருந்தாள். ஒரு நாள் விவாதம் சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது மேசையின் கோடியிலிருந்து அவள் வாய் திறந்தாள்.

"எங்கப்பா கூட இப்படி ஒருத்தருக்காகக் காத்திருந்தாரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அப்பாவுக்கு இடது கை பழக்கம். குளிர்பதனக் கிடங்குல பெட்டி தூக்குற வேலை, சாயங்காலம் குத்துச்சண்டை. தோக்காத ஆள் ஒருத்தரோட மோதணும்னு மூணு தடவை கேட்டாராம். மூணு தடவையும் தேதி குறிச்ச பிறகு, தோள்ல அடின்னு சொல்லி அந்த ஆள் வரலையாம். கடைசில தன்னைவிட பத்து கிலோ கூடுன ஒருத்தனோட அப்பா மேடை ஏறினாரு. வலது கண்ணு அன்னைக்கே போச்சு. இன்னொண்ணு கொஞ்சம் கொஞ்சமா மங்கிப் போச்சு."

"அந்த ஆள் யாராம்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பேரை அப்பா இதுவரைக்கும் வீட்டுல சொன்னதில்ல சார்."

எலக்ட்ரீஷியன் மேசையில் ஓங்கித் தட்டினார். "நான் சொல்லல? இந்த மாதிரி ஆளையெல்லாம் என்ன பண்ணலாம்? அண்ணே, நீங்களே சொல்லுங்க!"

பதினேழு கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்தார். "தோள் வலி நிஜமாவே இருந்திருக்கலாம்ல," என்றார். தகரவேலைக்காரர் அங்கே முப்பது வருடமாக இருப்பவர், பதினேழின் சண்டைக் காலத்தையும் பார்த்தவர். அவர் தலையைக் குனிந்து சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

உண்மை இதுதான். பதினேழுக்கு மேனேஜராக இருந்து சண்டைகளை ஏற்பாடு செய்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். இடதுகைக்காரனின் சவால் வந்ததும் இருவரும் போய் அவனுடைய சண்டை ஒன்றைப் பார்த்தார்கள். இரண்டாவது ரவுண்டில் அந்த இடது கை எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. எதிராளி முன்பக்கமாக, கைகளை ஊன்றக்கூட முடியாமல், முகம் தரையில் பட விழுந்தான். திரும்பி வரும்போது பேருந்தில் மச்சான் கேட்டார், "பயமா இருக்கா?"

"இல்ல."

"இருந்தா சொல்லு மாப்ள. பயத்துக்கு மருந்து கிடையாது. தோளுக்கு சர்ட்டிபிகேட் கிடைக்கும்."

முதல் முறை சர்ட்டிபிகேட் வாங்கியது மச்சான். இரண்டாவது முறை இவரே கேட்டு வாங்கினார். மூன்றாவது முறை மச்சான், "இந்தத் தடவை போடு, உன்னால முடியும்," என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். இவர்தான் மாட்டேன் என்றார். மேனேஜர் வேலை, மேனேஜர் வேலை என்று ஊருக்கெல்லாம் சொல்லி வந்தது, செத்துப்போன மச்சான் மேல் போட்ட பழி.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"எங்கண்ணன் உங்களை முழுசா என்கிட்டத் திருப்பிக் குடுத்தாரு. அதுக்கு நான் வருத்தப்படணுமா?"

"நான் முழுசாத்தான் இருக்கேன். அவன் இல்லையே."

"இப்பப் போய் மன்னிப்பு கேட்டா கண்ணு வந்துடுமா? போனது போனதுதாங்க. சும்மா இருங்க."

அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. இருந்தும் தகரவேலைக்காரரிடம் சொல்லி விலாசம் விசாரித்து வாங்கி, அடுத்த ஓய்வு நாளில் கிளம்பிவிட்டார். பெண் அன்று வேலைக்குப் போயிருப்பாள் என்பதையும் தெரிந்துகொண்டுதான் போனார்.

இரண்டாவது மாடியில் ஒரே அறை. கட்டில் தலைமாட்டிலிருந்து குளியலறைக் கதவு வழியாக வாசல் வரை இடுப்புயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. இடதுகைக்காரர் அதைப் பிடித்து நடந்து வந்து கதவைத் திறந்தார். தோள்கள் இன்னும் அகலமாகத்தான் இருந்தன. பதினேழு தன் பெயரைச் சொன்னார், சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயரை.

இடதுகைக்காரர் கயிற்றை விட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "தோள் எப்படி இருக்கு?" என்றார்.

"தோளுக்கு ஒண்ணும் இல்ல. அப்பவும் ஒண்ணும் இல்ல."

"தெரியும். உள்ள வா."

நாற்காலியைத் தடவி இழுத்துப் போட்டார். "மூணாவது தடவையும் நீ வராதப்ப உன்னைப் பாக்க வந்தேன். பாவம், நிஜமாவே அடிபட்டிருக்கும் போல, ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போவோம்னு. உங்க பணிமனை வாசல்ல நின்னேன். நீ பஸ் டயர் ஒண்ணை அதே தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு யாரோடயோ சிரிச்சுப் பேசிட்டுப் போன."

"அப்பவே வந்து சட்டையைப் பிடிச்சிருக்கலாமே."

"எதுக்கு? பயந்தவனை இழுத்துட்டு வந்து அடிச்சா அதுக்குப் பேரு சண்டையா? பயப்படறது தப்பில்லப்பா. எனக்கும் ஒவ்வொரு தடவையும் பயமாத்தான் இருக்கும். ஆனா பயமா இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த மாசம் சரியாயிடும், அடுத்த மாசம் சரியாயிடும்னு சொல்லிச் சொல்லி என்னை ஒரு வருஷம் உக்கார வச்சுட்டீங்க. உன்னோட மோதணும்னு வேற யாரையும் ஒத்துக்கல. உடம்புல வேகம் போச்சு. அந்த உடம்போடதான் அந்த மலை மாதிரி ஆளோட போய் மோதினேன்."

இது பதினேழுக்குத் தெரியாது. தான் ஒதுங்கியதுதான் தப்பு என்று இத்தனை காலம் எண்ணியிருந்தார். ஒருவனைக் காக்க வைத்தோம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"மன்னிச்சிடு," என்றார்.

"மன்னிச்சா நீ நிம்மதியாப் போவ. எனக்கென்ன வரும்?" அவர் குரலில் கோபம் இல்லை, அதுவே தாங்க முடியாததாக இருந்தது. "எம்பொண்ணு அங்கதான வேலை பாக்குறா? அவகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா புலம்பற மாதிரி ஆயிடும். அப்புறம், இங்க இனிமே வராத."

மறுநாள் உணவுக்கூடத்தில், எல்லோரும் இருக்கும்போதே சொன்னார். "அன்னைக்கு உங்கப்பா கதை சொன்னியேம்மா, அந்த ஆள் நான்தான்."

எலக்ட்ரீஷியன் முதலில் சிரித்துவிட்டார். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். அந்தப் பெண் டப்பாவை மூடினாள்.

"தோள் கொஞ்சம்கூட வலிக்கலையா சார்?"

"இல்லம்மா."

அவ்வளவுதான் கேட்டாள். எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் உணவுக்கூடத்துக்கு வரவில்லை. கிடங்கு ஜன்னலில் பதினேழு சீட்டை நீட்டினால், நிமிர்ந்து பார்க்காமல், கேட்ட ட்யூபைக் கேட்ட அளவில் எடுத்து வைப்பாள். ஒரு நாளும் தாமதம் செய்ததில்லை, ஒன்றையும் இல்லை என்று சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எலக்ட்ரீஷியனும் தகரவேலைக்காரரும் அவர் எதிரில் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். "விடுங்கண்ணே, அந்த வயசுல யாரா இருந்தாலும்..." என்று தகரவேலைக்காரர் ஒரு முறை ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்க அவருக்கே வரவில்லை. கொஞ்ச நாளில் பதினேழு தன் டப்பாவை டயர் அடுக்குகளுக்கு நடுவில் வைத்தே சாப்பிட ஆரம்பித்தார். யாரும் வந்து கூப்பிடவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். போகிற அன்று டயர் பிரிவுக்கு வந்து நின்றாள்.

"சார், எங்கப்பா இத்தனை வருஷமா ரேடியோல ஒரு சண்டை விடாம கேப்பாரு. கையைக் காத்துல வீசிக்கிட்டே கேப்பாரு. அது ஒண்ணுதான் அவருக்கு இருந்துச்சு. நீங்க வந்துட்டுப் போன நாள்லேருந்து அதைத் தொடறதே இல்ல. உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு."

சொல்லிவிட்டு அவள் திரும்பி நடந்துவிட்டாள். சக்கரம் கழற்றிய ஒரு பேருந்து முட்டுக்கட்டை மேல் நின்றுகொண்டிருந்தது. மாலை நடைக்கு அது போயாக வேண்டும். அவர் குனிந்து நெம்புகோலை எடுத்தார். இரண்டு முறை விளிம்பில் கொடுத்தும் அது வழுக்கிக்கொண்டே போயிற்று.