என் பின்னால் நின்றவர்கள்

நேற்று ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு பெண்ணின் நனைந்த கம்பளி வாடை, தலவாக்கலைக்கு மேலே எங்கள் தோட்டத்து மாதா கோயிலுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. கோயில் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னது தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தின் கடைசிக் காம்பராவை, ஓர் ஒற்றை அறையைத்தான். இன்று அந்த இடத்தில் தேயிலை நிற்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில், அம்மா இறந்ததிலிருந்து நான் பேச்சையே விட்டிருந்தேன். கோயிலுக்கு வரும் ஐந்து பெண்கள் என்னைப் பங்குபோட்டுக்கொண்டார்கள்: கொழுந்தெடுத்துக் குளிரில் விறைத்த விரல்களால் ஒருத்தி தலை சீவுவாள், ஒருத்தி ரொட்டி சுட்டுத் தருவாள், இன்னொருத்தி தன் கம்பளிக்குள் என்னை இழுத்துப்போட்டுக்கொண்டு செபமாலை சொல்வாள், பேசச் சொல்லி மட்டும் யாரும் நச்சரித்ததில்லை.

முதன்முதலாக நற்கருணை பெற்று, புதுநன்மை வாங்கும் பிள்ளையின் பின்னால் தாய் நிற்பது எங்கள் வழக்கம். என் முறை வந்ததும், தகரக்கூரையில் கொட்டிய மழையை மீறி, "இந்தப் பிள்ளைக்கு யாரு நிக்கிறீங்க?" என்று கேட்டார் சாமியார்.

ஐந்து பேரும் எழுந்து வந்தார்கள்.

"ஒருத்தர் போதும்மா," என்றார் அவர். ஒருத்தியும் நகரவில்லை.

ஒன்றரை வருடமாகத் திறக்காத என் வாய் அன்று திறந்தது.

"எல்லாரும் நிக்கட்டும் சாமி."