அமாவாசையன்று ஓடிய தறி

கம்ப்யூட்டருக்கும் பேய்க்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் இது நடந்தது நிஜம். ஆரணியில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் அந்த இரண்டு வீடுகளும் இன்றைக்கும் இருக்கின்றன. நடுவில் இருக்கும் சுவரும் இருக்கிறது. தைரியசாலிகள் யாராவது இருந்தால் அந்தச் சுவரோரம் தனியாக உட்கார்ந்து ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வரட்டும். அப்புறம் சிரிக்கலாம்.

1989. தேவகி வேலூர்ப் பெண். லோகநாதனைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவன் பட்டுச் சேலைகளை மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். அவளோ கல்யாணத்துக்கு முன்பே தபாலில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி. அதற்காக லோகநாதன், மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, வைக்கோல் சுற்றி, பஸ் மேல் ஏற்றிக் கொண்டுவந்தான். தெருவே வந்து பார்த்தது. ‘படம் வராத டி.வி.’ என்று பேர் வைத்துவிட்டுப் போனது.

மாமியார் அபிதகுசாம்பாளுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "இந்த வாட்டி பாஸ் ஆனா சரி. இல்லன்னா பொட்டிய வித்துட்டு ஊட்டு வேலய பாக்கட்டும்" என்று மகனிடம் முடிவாகச் சொல்லிவிட்டாள். லோகநாதனும் தலையாட்டிவிட்டான். கடைசி நாளன்று காலை வேலூரில், ப்ராஜெக்டைப் பதிந்த ஃப்ளாப்பியைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் படிப்பு அத்தோடு சரி. தேவகிக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவ்வளவு பயத்துக்குக் காரணம் இருந்தது. கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கிளம்பினால்தானே?

சுவிட்சைப் போட்டால் பச்சைத் திரையின் மூலையில் எண்கள் ஓடும். தன் மெமரியைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் எண்கள். 64, 128, 192 என்று ஏறி 640 வந்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். பிறகுதான் வேலை. தேவகியின் பெட்டி பாதியிலேயே படுத்துவிடும். ஒருநாள் 256. ஒருநாள் 448. திரை அப்படியே உறைந்து நிற்கும். வேலூரிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் ஜெயவேல், மூடியைக் கழற்றி உள்ளே காட்டினான்.

"இந்த சிப்புங்க சும்மா கால ஊனிகினு உக்காந்திருக்குது மேடம். தரை அதிர்ந்தா கொஞ்சம் கொஞ்சமா எழும்பிடும். கட்டவிரலால அழுத்தி உடுங்க. பக்கத்துல தறி ஓடறப்ப மட்டும் மெஷின போடாதீங்க."

நல்ல யோசனைதான். ஆரணியில் தறி ஓடாத நேரம் எது என்று அவன் சொல்லவில்லை. தேவகியே கண்டுபிடித்தாள். அமாவாசையன்று எந்த நெசவாளியும் தறிக்கு அடியில் இருக்கும் மிதிக்குழியில் கால் வைப்பதில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள் மகாளய அமாவாசை. அதைத்தான் அவள் நம்பியிருந்தாள்.

கம்ப்யூட்டர் இருந்தது பின்னறையில், நடுச்சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் லோகநாதனின் பெரியப்பா வீரபாகுவின் வீடு. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வீடு. அண்ணன் தம்பி பங்கு பிரித்தபோது எழுப்பிய சுவர் அது. தம்பி, அதாவது தேவகியின் மாமனார், செத்தே போனார். பேச்சுவார்த்தை மட்டும் திரும்பவில்லை. தேவகி வந்த முதல் வாரமே மாமியார் சொல்லிவைத்தாள்.

"அந்த ஊட்டோட பேச்சு வெச்சிக்காத. அந்தச் சுவத்துல ஆணி கீணி அடிக்காத. தட்டவும் தட்டாத."

மனுஷர் மேல் இருக்கும் கோபத்தைச் சுவர் மேலும் காட்டுகிறார்களே என்று தேவகி மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். மேஜைக்கு அடியில் தரையில் ஒரு திட்டு இருந்தது. வேறு நிறச் சிமெண்ட். பாய் அகலத்துக்கு வந்து, சுவரில் போய் முட்டி நின்றது. எப்போதோ பள்ளம் விழுந்து பூசியிருப்பார்கள் என்று அதையும் விட்டுவிட்டாள்.

அமாவாசையன்று மாமியாரும் லோகநாதனும் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். தெரு ஓய்ந்து கிடந்தது. எந்நேரமும் கேட்கும் தெருத் தறிகளின் சத்தம் இல்லாமல் ஊரே வேறு ஊர் மாதிரி இருந்தது. மதியம் பன்னிரண்டு மணி. பட்டப்பகல். தேவகி சிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திவிட்டு சுவிட்சைப் போட்டாள்.

64. 128. 192. 256...

நின்றது.

அணைத்தாள். ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். முள் சரியாக இருந்தது. ஃப்ளாப்பியை எடுத்துவிட்டுப் போட்டாள். 320-இல் நின்றது. மறுபடி மூடியைக் கழற்றினாள். மூன்று சிப்புகள் எழும்பியிருந்தன. இப்போதுதானே அழுத்தினாள்? கட்டைவிரல் சிவக்க அழுத்தினாள். பெட்டிக்கு அடியில் ஜமக்காளத்தை மடித்து வைத்தாள். 384. நின்றது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று மேஜை மேல் இருந்த டம்ளரை எடுக்கப் போனவள், கையை நீட்டியபடியே நின்றாள்.

டம்ளர்த் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை.

தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் காதில் விழுந்தது. சரக்... டக், டக். சரக்... டக், டக். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே ஓடியிருக்க வேண்டும். இந்தச் சுவரோரம் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம், அதனால்தான் உறைக்கவில்லை.

பெரியப்பா வீட்டில் அமாவாசைகூடப் பார்ப்பதில்லை போலிருக்கிறது. தேவகிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"யாருங்க நெய்யறது? அக்கா... கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்."

சரக்... டக், டக்.

"அக்கா, நாளைக்கு எனக்குப் பரீட்ச மாதிரிங்க. உங்களுக்குக் காது கேக்குதா இல்லியா?"

சரக்... டக், டக். ஒரு மிதிகூடத் தப்பவில்லை.

மாமியார் சொன்னது நினைவுக்கு வந்தது. வந்து என்ன? இருப்பது ஒரே ஒரு மதியம். தேவகி குனிந்து, சுவரின் அடியில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். தொம், தொம், தொம்.

தறி நின்றது.

மெல்ல ஓய்ந்து நிற்கவில்லை. ‘சரக்’ என்று ஊடை நூலோடு நாடா கிளம்பிய சத்தம் கேட்டது. ‘டக்’ கேட்கவில்லை. பாதியில் நின்றது.

டம்ளரில் அலை அடங்கியது. சுவிட்சைப் போட்டாள். எண்கள் ஏறின. 512. 576. 640. பீப்.

தேவகிக்கு உயிர் வந்தது. யாரென்று தெரியாத அந்த அக்காவுக்கு மனசார நன்றி சொல்லிக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தாள். இரண்டு மணி நேர வேலை.

கொஞ்ச நேரம் போயிருக்கும்.

தொம்... தொம்... தொம்.

பதில் தட்டு. ‘முடிஞ்சுதா?’ என்று கேட்கிறாள் போலிருக்கிறது.

"இன்னும் இல்லைங்க்கா. கொஞ்சம் இருங்க" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

மறுபடியும் தொம், தொம், தொம். இந்தத் தடவை அவசரமாக. ஏதோ ஒன்று சரியில்லை என்று தேவகிக்குப் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. நான்கு வரி அடித்த பிறகுதான் பிடிபட்டது. சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. அவள் பாதத்துக்கு அடியிலிருந்து.

காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள்.

குழித்தறிதானே, கீழேதான் கேட்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாளைக் காலை பஸ்ஸை நினைத்துக்கொண்டாள். அடித்தாள்.

தொம்... தொம்... தொம்.

"இருங்க்கா..."

தொம்... தொம்...

மூன்றாவது வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்தது. மெதுவாக.

பிறகு இரண்டு. பிறகு ஒன்று.

பிறகு, நகத்தால் கீறுகிற மாதிரி ஏதோ...

பிறகு அதுவும் இல்லை.

தேவகி வேலையை முடித்து ஃப்ளாப்பியில் ஏற்றினாள். ஃப்ளாப்பி டிரைவின் விளக்கு அணைந்தது. கம்ப்யூட்டரையும் அணைத்தாள். அறையில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. யாரோ ஒருத்தியை இவ்வளவு நேரம் காக்கவைத்தோமே என்று அவளுக்கு மனசு உறுத்தியது. முடிந்துவிட்டது, இனி நெய்யலாம் என்று சொல்வதற்காகக் குனிந்து மூன்று தட்டு தட்டினாள்.

பதில் இல்லை. தறியும் ஓடவில்லை.

உறுத்தல் தாங்கவில்லை. தட்டில் இரண்டு வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, ஃப்ளாப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஐந்து மாதத்தில் முதல்முறையாக அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றாள். வீரபாகுவின் மனைவி பாஞ்சாலை வெளியே வந்தாள். முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு பழத்தட்டைப் பார்த்து, "வாம்மா" என்றாள்.

"உங்க ஊட்ல நெய்யற அக்காவுக்குத் தேங்க்ஸ் சொல்லணும் பெரியத்த. எனக்காக மதியம் தறிய நிறுத்துனாங்க."

பாஞ்சாலை புரியாமல் பார்த்தாள்.

"எங்க ஊட்ல ஏதும்மா தறி? உங்க மாமியாரு ஆளு வெச்சி நெய்யறாங்கன்னுதான நாங்க நெனச்சிகினு இருக்கறோம்? அமாவாசகூடப் பாக்காம ஓட்டறாங்களேன்னு இன்னிக்குக்கூட இவரு திட்டிகினே போனாரு."

"எங்க ஊட்ல தறியே இல்லைங்க பெரியத்த."

பாஞ்சாலை அவளைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வியாபாரத்துக்கான பாவு நூல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஓரத்து மூட்டையை இழுத்தாள். தரையில் ஒரு திட்டு. வேறு நிறச் சிமெண்ட். பாய் அகலத்துக்கு வந்து, சுவரில் போய் முட்டி நின்றது.

மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று தேவகிக்குத் தெரியும்.

"ராஜம்மா குழி" என்றாள் பாஞ்சாலை. "எங்க நாத்தனாரு. உன் மாமனாருக்கு அக்கா. பொறவிலயே காதும் இல்ல, பேச்சும் இல்ல. நீ எவ்ளோ கத்துனாலும் நிறுத்த மாட்டா. தரையத் தட்டணும். காலுல அதிர்வு தெரிஞ்சாதான் நிறுத்திட்டுத் திரும்பிப் பாப்பா. அவளுக்குத் தண்ணி கிண்ணி வேணும்னாலும் அதே மாதிரிதான். மூணு தட்டு தட்டுவா."

பாஞ்சாலை தேவகியின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"பங்கு பிரிக்கற சமயம். ஒரே ஊட்ல ரெண்டு அடுப்பு. எனக்கும் உன் மாமியாருக்கும் மூஞ்சி குடுத்துப் பேச்சில்ல. இதே மகாளய அமாவாச. ஊடு கை மாறறதுக்குள்ள சேலய முடிக்கணும்னு ராஜம்மா குழில எறங்கிட்டா. மதியம் தட்டுனா. அபிதா போவான்னு நான் இருந்துட்டேன். நான் போவேன்னு அவ இருந்துட்டா." பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மொதல்ல ஜோராத்தான் தட்டுனா..."

"அப்புறம் மெதுவா" என்றாள் தேவகி. "அப்புறம் ரெண்டு. அப்புறம் ஒண்ணு."

பாஞ்சாலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"குழிக்குள்ள பாம்பு கடிச்சிருக்குதும்மா. வெளக்கு வெக்கறப்பதான் போய்ப் பாத்தோம், உசுரு இல்ல. தரையெல்லாம் நகத்தால கீறி வெச்சிருந்தா. அப்புறம் குழிய மண்ணு போட்டு மூடிட்டு, யாரு பங்குன்னு வம்பு வேணாம்னு, குழி மேலயே சுவத்த எழுப்பிட்டாங்க."

தேவகி எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பொழுது சாய்ந்து மாமியாரும் லோகநாதனும் திரும்பினார்கள். லோகநாதன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான். அபிதகுசாம்பாள் மருமகளிடம் கோயில் குங்குமத்தைக் கொடுத்துவிட்டு, பின்னறை மாடத்தில் விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்தாள்.

தொம்... தொம்... தொம்.

மேஜைக்கு அடியிலிருந்து.

மாமியார் திரும்பக்கூட இல்லை. "அந்த ஊட்ல இன்னாவோ இடிச்சிகினு இருக்கறாங்க" என்றாள்.

தொம்... தொம்...

தேவகியால் பொறுக்க முடியவில்லை. ஒரு முறையாவது யாராவது போக வேண்டாமா? மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, சிமெண்ட் திட்டின் மேல் தட்டக் கையை ஓங்கினாள்.

மணிக்கட்டை மாமியாரின் கை பிடித்தது. ஜில்லென்று இருந்தது. தீக்குச்சி தரையில் விழுந்து அணைந்தது.

"தட்டாதடி" என்றாள் அபிதகுசாம்பாள், ரகசியமாக. "பேசு, கத்து, அழு. அவளுக்கு ஒண்ணும் கேக்காது. தட்ட மட்டும் தட்டாத... தட்டுனா இங்க ஆளு இருக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும்."

தேவகி அன்று மதியமே இரண்டு முறை தட்டியிருந்தாள்.