சட்டிக்குள் இருந்த முகம்

கொலை செய்கிற சோளக்கொல்லை பொம்மையைப் பற்றி ஒரு படத்தை எங்கள் வீட்டில் எடுத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது வீடியோ கடைகளில் அந்த மாதிரி இங்கிலீஷ் கேசட்டுகள் நிறையக் கிடைக்கும். கோணித் தலையும் தைத்த வாயுமாக ஒரு பொம்மை கழியிலிருந்து இறங்கி வந்து ஊரையே வெட்டிப் போடும். அதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஆசை வந்த ஒரு டைரக்டர் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி மனையைப் பார்த்ததும், "இதுதாம்மா என் சோளக்கொல்லை" என்று சொல்லிவிட்டார்.

சோளத்துக்கு எங்கே போவது? பொங்கலுக்கு விற்காமல் போன கரும்பை வண்டியில் கொண்டுவந்து நட்டார்கள். மூன்றாம் நாள் அது காய்ந்ததும் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கே சிரிப்பு வந்தது.

பொம்மையாக நடித்தவர் ஒரு துணை நடிகர், நாற்பது வயது இருக்கும். சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து, கரி பூசி சுண்ணாம்புப் புள்ளி வைத்த நிஜ மண்சட்டியை அவர் தலையில் கவிழ்த்துவிடுவார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. சட்டிக்குள் காது கேட்காது என்பதால் டைரக்டர் குச்சியால் சட்டியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நட, இரண்டு தட்டு என்றால் நில். கோபம் வந்துவிட்டால் தட்டுக்கு அளவே கிடையாது.

"டேய் சட்டி! கொலைகாரன் மாதிரி நடடா, மாப்பிள்ளை ஊர்வலத்துல வர்ற மாதிரி வர்றியே!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சமயம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டில் இருந்தாள். கரிச்சட்டி கவிழ்த்த பொம்மை என்றால் எங்களுக்கு அது திருஷ்டி பொம்மைதான், ஊர்க்கண்ணையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்பது. அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் பழக்கம். அந்த மனுஷர் ஒருநாள் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டு நிழலில் உட்காரலாமா என்று கேட்டார்.

"அந்த வேஷத்தோட படி ஏறாதேப்பா. உள்ளே மாசமா இருக்கற பொண்ணு இருக்கா" என்றேன்.

"சரிம்மா" என்று தோய்க்கிற கல் மேல் போய் உட்கார்ந்தார். முகமெல்லாம் கரியும் வேர்வையும். நான் சொம்பை உயரப் பிடித்து, அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன்.

குடித்துவிட்டுத் தானாகவே பேசினார். "பதினோரு படம் பண்ணிகீறேன்மா. ஒண்ணுத்துலயும் மூஞ்சி வரல. முதுகு, காலு, பொணம் இப்டியே போய்க்கினு கீது. பொண்டாட்டி கோச்சிக்கினு தேனாம்பேட்டைல அவ அண்ணன் வூட்டுக்குப் பூட்டா. மச்சான் இன்னா சொன்னான் தெரிமா? 'ஒரே ஒரு படத்துல மூஞ்சிய காட்டு மாப்ள, நானே தங்கச்சிய இட்டாந்து வுடறேன்'னான். இந்தப் படத்துல கடைசி ஷாட்டுல சட்டி ஒடையுது, உள்ள என் மூஞ்சி. டைரக்டரு வாக்கு குடுத்துகீறாரு."

"நல்லபடியா நடக்கும்ப்பா. அம்மன் இருக்கா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் வைக்கோல் திணித்த ஆளில்லாத பொம்மையை நிறுத்தி, கதாநாயகி உலக்கையால் சட்டியை உடைப்பதை எடுத்துவிட்டார்கள். அந்தத் துணை நடிகரின் முகம் மட்டும் பாக்கி. வெந்துபோன முகமாகத் தெரியவேண்டும் என்று கோந்தில் ரவையைக் குழைத்து அப்பி, சாயம் பூசி, மனையில் போட்டிருந்த ஷெட்டில் விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கு ஆரம்பித்தது. இரண்டரைக்கும் காயவில்லை.

படம் முடிந்தால் கேமராவுக்குப் பூசணிக்காய் சுற்றி வாசலில் உடைப்பார்கள். உடைத்துவிட்டால் அப்புறம் கேமராவைத் தொடமாட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு அது சத்தியம் மாதிரி. அன்று மூன்று மணிக்கு ராகுகாலம். நாலு மணிக்குக் கேமராவைத் திருப்பி அனுப்பியாக வேண்டும்.

நான் டைரக்டரிடம் போய், "மூணுக்குள்ள உடைச்சுடுங்க. ராகுகாலத்துல என் வாசல்ல உடைக்க விடமாட்டேன். பொண்ணு உள்ளே இருக்கா" என்றேன்.

"ஒரே ஒரு ஷாட்டும்மா. அவன் மூஞ்சி காயணும்."

"அவருக்காக என் பேரக்குழந்தை அனுபவிக்கணுமா?"

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "இப்படி வெச்சுக்குவோம். சட்டி உடையுது, உள்ளே வெறும் வைக்கோல். ஆளே இல்ல! ஜனங்க இன்னும் பயப்படுவாங்க. அம்மா, நீங்கதான் என் கிளைமாக்ஸ்!"

கற்பூரம் ஏற்றினார்கள். நானே குங்குமம் எடுத்துக் கொடுத்தேன். மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூசணிக்காய் உடைந்தது.

அவர் ஷெட்டிலிருந்து வெளியே வந்தபோது வாசலெல்லாம் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. கேமராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், என் ஷாட்டு?"

"முடிஞ்சுதுப்பா. பூசணிக்காய் உடைச்சாச்சு. அடுத்த படத்துல பாத்துக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாரு."

"உடைச்சது உடைச்சதுதான்ப்பா. சாமி காரியம்" என்றேன். சொன்னபடிதான் நினைத்தேன், அதில் பொய்யில்லை.

அவருடைய மச்சான் அந்த நேரம் பார்த்து சைக்கிளில் வந்து கேட்டில் கால் ஊன்றினான். ஷூட்டிங் பார்க்க இவர்தான் வரச்சொல்லியிருக்கிறார். அந்த ஆள் இவர் முகத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"இன்னா மாப்ள, எட்த்துட்டாங்களா மூஞ்சிய?"

இவர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர்தான், "இந்தப் படத்துல இல்லீங்க" என்றார்.

மச்சான் சிரித்தான். "பூசணிக்காவுக்குக்கூட பொட்டு வெச்சி, சுத்திப் போட்டு, அல்லாரும் கும்ட்டுகீறாங்க. ஒனக்கு அதுவும் இல்லியா மாப்ள? தங்கச்சி எங்கூட்லயே கெடக்கட்டும், வுடு."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எல்லோரும் வண்டி ஏறினார்கள். இவர் மட்டும் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவப் பார்த்தார். கோந்து இறுகிவிட்டிருந்தது, வரவில்லை. தேங்காய் எண்ணெய் கேட்டார். கிண்ணத்தில் ஊற்றிப் படியிலேயே வைத்தேன். எடுத்துக்கொண்டு, "ஒரு கண்ணாடி தர்றீங்களாம்மா?" என்றார்.

சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். இடது கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அந்த முகத்தை நானும் அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். கன்னத்தில் சதை உருகி வழிந்த மாதிரி இருந்தது.

"பயமா கீதாம்மா?" என்று கேட்டார்.

விளக்கேற்றுவதற்குள் அவர் போய்விட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. பயமாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்றும் தோன்றியது.

"இல்லப்பா. சிரிப்புதான் வருது" என்றேன்.

கண்ணாடியைப் படியில் கவிழ்த்து வைத்தார். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்து எடுத்தார். தேய்த்தது போதும் என்று நான் சொல்லும் வரைக்கும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.