மூன்று நோன்பு அட்டைகள்

1982 செப்டெம்பர், ஒரு செவ்வாய்க்கிழமை. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் பல், தாடைப் பிரிவில் நானும் மனைவியும் டொக்டருக்கு முன்னால் இருந்தோம். முதல்நாள் விடிய கல்முனையில் பஸ் ஏறி வந்த களைப்பு இன்னும் போகவில்லை. என் மடியில் அந்த வருடத்து டயறி இருந்தது.

டயறி எழுதுவது எனக்கு நோய் போல. 1978ஆம் ஆண்டுச் சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோன மறுநாள் தொடங்கினேன். அதன் பிறகு ஒரு நாளும் விட்டதில்லை. மழை பெய்த நாள், எங்கள் சவளக்கடை வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், ஊரில் யாராவது மௌத்தாகி அடக்கம் செய்த நாள், எல்லாம் அதில் இருக்கும். ஏதாவது தேதியில் சந்தேகம் வந்தால் ஊரார் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மனைவியின் இடது கன்னத்தில், காதுக்கு முன்னால் ஒரு வீக்கம். ஊரில் படம் எடுத்தபோது கடைவாயில் ஒரு ஞானப்பல் முளைக்க இடமில்லாமல் பல்முரசுக்குள் படுத்துக் கிடப்பது தெரிந்தது. நூலகத்தில் பல் சம்பந்தமான புத்தகம் ஒன்றை ஏற்கெனவே வாசித்திருந்த நான், “நான் செல்லல்லியா, இதுதான் காரணம்” என்று அவளுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பல்லைப் பிடுங்கினார்கள். வீக்கம் போகவில்லை. கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டிக்கு முதல் முறை வந்தபோது ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில் அது தாடை மூட்டிலே வளர்ந்த குருத்தெலும்புக் கட்டி என்று தெரிந்தது. ஞானப்பல்லுக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை. இரண்டும் ஒரே தாடையில் இருந்தன, அவ்வளவுதான். அந்த டொக்டர் இப்படி ஞானப்பல்லின் மறைவில் தெரியாமல் கிடக்கும் கட்டிகளைப் பற்றித்தான் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசும் இளைஞர். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரு படிவத்தை நிரப்புவார்.

“அம்மா, இந்த வீக்கம் எப்ப துடங்கினது?”

அவள் வாய் திறக்குமுன் நான் டயறியைத் திறந்துவிட்டேன். “பெப்ரவரி, டொக்டர். பெரும்போக நெல்லு வெட்டுத் தொடங்கின கிழமை. இந்தா, எழுதியிரிக்கன்.”

அவர் ஏழு மாதம் என்று எழுதினார். முகம் மாறியது. பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தக் கட்டியில் தீங்கில்லாததும் உண்டு, பொல்லாததும் உண்டு. நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் சில வேளை இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இவளுடைய துண்டும் அப்படித்தான். அதனால் படத்தையும், கட்டி வளர்ந்த வேகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஒன்றுமில்லாமல் இருந்தது ஏழு மாதத்தில் இவ்வளவு வளர்ந்திருந்தால் பயப்பட வேண்டும். பாதித் தாடையை எடுக்க வேண்டியும் வரலாம். வியாழக்கிழமை பெரிய டொக்டர்மார் கூடிப் பேசுவார்கள் என்றார்.

வெளியே வந்து சுவரோரத்து மர வாங்கில் உட்கார்ந்தோம். அவள்தான் முதலில் பேசினாள்.

“இஞ்செருங்க, நீங்க செல்லின கணக்குச் சரியில்ல.”

“டயறியில இரிக்கே.”

“டயறியில இரிக்கிறது நீங்க கண்ட நாள்.”

பையிலிருந்து அவள் ஓதும் யாசீன் கிதாபை எடுத்தாள். அதற்குள் மடித்த மூன்று அட்டைகள். நோன்பு மாதத்தில் ஊர்ப் புடவைக்கடை இலவசமாகக் கொடுக்கும் விடியுமுன் ஸஹர் உண்டு முடிக்கும் நேரமும் மாலையில் நோன்பு திறக்கும் நேரமும் நாள்வாரியாக அச்சடித்த அட்டைகள். எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. விட்ட நோன்பைப் பிறகு பிடிக்க வேண்டுமே, அதற்காகப் பெண்கள் அடையாளம் போட்டு வைப்பது வழக்கம். என் வீட்டிலும் அப்படியொரு பதிவு இருந்தது எனக்குத் தெரியாது. சில நாட்களுக்கு வட்டம், சில நாட்களுக்குப் பெருக்கல் குறி போலப் புள்ளடி.

“வட்டம் பொம்பிளையள்ற காரியம். புள்ளடிதான் வலிக்கு. தாங்க ஏலாம பகல்ல குளிசை போட்டு நோன்ப உட்ட நாள்.”

முதல் அட்டையில் ஒரு புள்ளடி. இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் ஒன்பது.

“ஏங்கா எனக்கிட்டச் செல்லல்ல?”

“செல்லினன். பல்லுத்தான் எண்டு புத்தகத்தக் காட்டினீங்க.”

அட்டைகளோடு டொக்டரிடம் போக எழும்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வட்டத்த டொக்டருக்குக் காட்டாதீங்க.”

“ஒரே அட்டையிலதானே இரிக்கி?”

“அப்ப விரலால மறைச்சிக் காட்டுங்க.”

அப்படியே காட்டினேன். இரண்டு கையும் போதவில்லை. டொக்டர் புரிந்துகொண்டு புள்ளடிகளை மட்டும் பார்த்தார். இந்த முறை கேள்வியை அவளைப் பார்த்தே கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“அப்ப, கட்டியும் அந்த நேரமே இருந்ததோ அம்மா?”

“ஓம் டொக்டர். தொழுகைக்கு ஒளு எடுக்க மொகம் களுவக்குள்ள விரல்ல தட்டும். மொத நோன்புல சுண்டங்கா அளவு. போன வரியம் அதுக்குக் கொஞ்சம் கூட. இப்ப கொட்டப்பாக்கு.”

ஒரு நாளைக்கு ஐந்து முறை, இரண்டு வருடத்துக்கு மேல், அவளுடைய விரல்கள் அதை அளந்துகொண்டே இருந்திருக்கின்றன. டொக்டர் ஏழு மாதத்தை வெட்டிவிட்டு, படிவத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினார். எழுதி முடித்து என் டயறியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“உங்கட மனுசன்ர டயறியில மழையெல்லாம் இருக்கு. நீங்கள்தான் இல்லை.”

நான் டயறியை வாங்கி மூடினேன். ஆனால் அவள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. “அவங்க மழைய எழுதட்டும் டொக்டர். வயலுக்கு அதுதானே வேணும்.”

வியாழக்கிழமை முடிவு வந்தது. படமும், துண்டும், அந்த இரண்டு வருடக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, மெதுவாக வளரும் கட்டியாகத்தான் தெரிகிறது, தாடையில் கை வைக்காமல் கட்டியை மட்டும் எடுப்போம் என்றார்கள். எடுத்ததை முழுவதுமாகச் சோதித்து, தீங்கில்லாதது என்று உறுதியும் செய்தார்கள். வாய் திறக்கும்போது இன்றும் அவளுடைய தாடை கொஞ்சம் ஒரு பக்கம் சாயும். அவ்வளவுதான்.

உடம்பு தேறியதும் புள்ளடி போட்ட அந்தப் பதினாலு நோன்பையும் அவள் பிடித்து முடித்தாள். அந்தப் பதினாலு நாளும் என் டயறியில் உண்டு. டயறிகளை அடுக்கி வைத்திருக்கும் அலுமாரியில் மூன்று அட்டைகளையும் அவளிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இப்போதும் யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால், பதில் எனக்குத் தெரிந்திருந்தாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.