மெதுவாக ஓவர் வீசியதற்குத் தண்டனை

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில், சந்தைப் பக்கத்து மீன் வாடை வந்து வந்து போகும் ஒரு மேசையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் பல டெஸ்ட் கேப்டன்களைப் பதவியிறக்கியிருக்கிறோம். அவர்களில் ஒருவருக்கும் தகவல் போய்ச் சேர்ந்ததில்லை.

நாங்கள் நால்வர். நான் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டாமவர் மாடியில் தையல் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்து பொங்கோலில் வீடு வாங்கிவிட்டவர். வீட்டிலிருந்து வேலை செய்வதாக அலுவலகத்திடம் சொல்லிவிட்டு எங்கள் மேசையில் இருப்பார். நான்காமவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், என் பள்ளித்தோழர், புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயிலேறி வருவார். இந்த நான்காமவரை மேசையிலிருந்து நான் வெளியேற்றினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தகுதியை முதலில் சொல்லிவிட வேண்டும். தகுதி எதுவும் கிடையாது. நான் பள்ளி அணிக்காக ஒரே ஒரு முறை மட்டை பிடித்தேன். பந்து என்னைத் தாண்டிப் போன பிறகுதான் அது வந்தது தெரிந்தது. தையல்காரர் மைதானத்துக்கே போனதில்லை. பொங்கோல்காரர் கைப்பேசியில் விளையாடியிருக்கிறார். ஆனால் ஐந்து நாள் ஆட்டத்தில் மூன்றாம் நாள் மாலை யாருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று எங்களைக் கேட்டால், நான்கு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வோம்.

அப்படி ஒரே நேரத்தில் கத்தியதால்தான் ஒரு விதி தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவன் நான். ஒருவருக்கு ஓர் ஓவர், அதாவது ஆறு வாக்கியம். ஏழாவது வாக்கியம் பேசினால் நோ பால், அதற்கு அவர் எல்லோருக்கும் தேநீர் வாங்க வேண்டும். டாஸ் போடுவதற்குள் ஒவ்வொருவரும் தன் பதினொருவரைச் சொல்லி, காரணமும் சொல்லி முடித்துவிட வேண்டும். டாஸுக்குப் பிறகு எவனும் புத்திசாலி ஆகக் கூடாது. இந்த ஆட்டத்துக்கு நடுவர் நானே, கேப்டனும் நானே. உலகில் எந்த மைதானத்திலும் அனுமதிக்காத ஏற்பாடு அது.

ஒரு நாள் பேச்சு இப்படிப் போகும்.

"நாலாவது நாள் பந்து திரும்பும். மூணு ஸ்பின்னர் இல்லாம போறவன் டாஸுக்கே போக வேணாம்" என்பார் தையல்காரர்.

"அண்ணே, டேட்டா அப்படிச் சொல்லல" என்பார் பொங்கோல்காரர்.

"உன் டேட்டா பிட்ச்சுல புல்லு இருக்கா இல்லையான்னு பாத்துச்சா?"

"நீங்க பாத்தீங்களா?"

"டிவில பாத்தேன்லா! தையக்காரன் கண்ணு. தூரத்துல இருந்தே காட்டனா பாலியெஸ்டரான்னு சொல்லிருவேன்."

"போன தடவ நீங்க தச்ச சட்டை எனக்குக் கழுத்தைப் பிடிக்குது அண்ணே. மூணு ஸ்பின்னரும் அப்படித்தான்."

என் தோழருடைய அணியில் எப்போதும் ஒரு தொடக்க ஆட்டக்காரர் இருப்பார், ரன் எடுக்காதவர். ஆள் மாறினாலும் குணம் மாறாது. "முதல்ல நிக்கணும்டா. ரன்னு அப்புறம் வரும்" என்பார். அவருடைய அணியை நான் 'சிமெண்டு அணி' என்று கேலி செய்வேன். அவர் சிரித்துக்கொண்டே என் தட்டிலிருந்து ஒரு துண்டு பரோட்டாவைப் பிய்த்துக்கொள்வார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை காலுக்கு அசைவு திரும்பிவிட்டது. பேச்சு பாதிதான் திரும்பியது. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வார்த்தைதான் வாசலில் நின்று யோசிக்கும். அவர் மனைவி எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: "அண்ணே, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க, ஆளுங்களோட உக்காந்து பேச வைங்கன்னு சொல்றாங்க. வீட்ல என்கிட்ட என்னத்தப் பேசுறாரு? உங்க மேசைதான் அவருக்கு. விட்டா இருக்கிற பேச்சும் போயிரும்னு பயமா இருக்கு."

"நான் பாத்துக்கிறேன்மா" என்றேன். எனக்குத் தெரியாமல் நடந்த தவறு என்று நான் சொல்லிக்கொள்ள முடியாதபடி, இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்த ஆட்டம் இந்தியாவில் நடந்தது. அங்கே காலை என்றால் நமக்கு நண்பகல். டாஸுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஓவருக்கு அடுத்தது என்னுடையது. அன்று நான் மிக நல்ல வாக்கியங்கள் வைத்திருந்தேன். ஒரு வேகப்பந்து வீச்சாளரை ஓய்வெடுக்க அனுப்புவதைப் பற்றி, கேட்பவர் வாயடைத்துப் போகும்படியான ஒரு முடிவோடு.

"தொடக்கத்துல..." என்றார் அவர். பிறகு நின்றார். "தொடக்கத்துல நிக்கிற..." மறுபடி நின்றார். தையல்காரர் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கோல்காரர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அந்த இரண்டு வாயாடிகளும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். படித்தவன், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன், நான்தான் எழுந்து நின்றேன். நடுவரைப் போல ஒரு கையை உயர்த்தினேன்.

"ஸ்லோ ஓவர் ரேட்! இதுக்கு மேல பொறுக்க முடியாது. உனக்கு அடுத்த மேட்ச் தடை!"

டெஸ்ட் ஆட்டத்தில் மெதுவாக ஓவர் வீசினால் தண்டனை உண்டு என்பது கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிக்க முடிந்த பக்கத்து உதட்டால். தீர்ப்பை ஏற்றுக்கொண்ட ஆட்டக்காரர் போல என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார். நான் என் ஆறு வாக்கியங்களையும் பேசினேன். அவை என்னவென்று இப்போது நினைவில்லை. நான் பேசி முடித்தபோது அவர் தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஆட்டத்துக்கும் வரவில்லை. அந்த வாரம் அணியிலிருந்து ஒரு மட்டையாளரை நீக்கியிருந்தார்கள். நீக்கியதை அந்த மட்டையாளர் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். எனக்குப் பிடித்த விஷயம் அது. பல ஆண்டுகளாகத் தேர்வாளர்களை நான் இதற்காகத்தான் திட்டி வந்திருக்கிறேன். அன்று என் ஓவர் முழுவதையும் அதற்கே செலவிட்டேன்.

"ஆளைத் தூக்குறது அவனுங்க உரிமை. ஆனா தூக்கிட்டோம்னு ஒரு போன் பண்ண முடியாதா? திரும்ப எப்ப கூப்பிடுவோம்னு ஒரு வார்த்தை? இவனுங்கல்லாம் மனுஷனுங்களா?"

தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பவரைப் போல ஒரு கண்ணைச் சுருக்கினார். "நீங்க பண்ணீங்களா வாத்தியாரே?"

"யாருக்கு?"

"யாருக்குன்னு கேக்குறீங்க பாருங்க."

பொங்கோல்காரர் கைப்பேசிக்குள் எதையோ தேடினார். அவரிடம் எல்லாவற்றுக்கும் டேட்டா இருக்கும். அன்று இல்லை.

மறுநாள் ஆட்டத்தின் உணவு இடைவேளை நேரத்தில் புக்கிட் பாஞ்சாங்குக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். "வாங்கண்ணே" என்றார், வழக்கமான அளவைவிடச் சின்னதாக. தோழர் தொலைக்காட்சி முன்னால் இருந்தார். சத்தத்தை நிறுத்தியிருந்தார்.

"ஏன்டா வரல?" என்றேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் முதலில் கேட்டது குற்றவாளியை விசாரிக்கும் கேள்வி. பள்ளிக்கூடத்தில் வந்த தொழில் வியாதி.

அவர் பேச நேரம் எடுத்தது. நான் காத்திருந்தேன், மேசையில் காத்திருக்க வேண்டியதை இங்கே.

"ஒரு மேட்ச்னு... தானே... சொன்னே."

"ஆமா."

"அது முடிஞ்சிருச்சு. நீ... கூப்பிடுவேன்னு... இருந்தேன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொன்னார்: "தினமும் போனைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே சாப்பிட்டாருண்ணே. அந்த மேட்ச் அன்னிக்குச் சட்டையெல்லாம் போட்டு ரெடியா உக்காந்திருந்தாரு."

என் தப்புதான் என்று சொன்னேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, அவசரத்தில் சொன்னேன், என் பேச்சை நான் கேட்பதற்காகச் சொன்னேன் என்றும் சொன்னேன். அடுத்த ஆட்டத்துக்கு வா என்றேன். அவர் திரையில் கண்ணை வைத்துக்கொண்டு தலையை அசைத்தார்.

"வர்றேன்னு... சொல்லல. ஆனா நீ... போன் பண்ணு."

அதன்படி ஒவ்வொரு ஆட்டத்தன்றும் டாஸுக்கு முன்னால் நான் அழைக்கிறேன். அவருடைய பேச்சு முன்பு இருந்ததைவிடவும் தேய்ந்திருக்கிறது. அவர் மனைவி பயந்தது நடந்துவிட்டது, அதில் என் பங்கு எவ்வளவு என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. மேசையில் மற்ற இருவரும் சுழற்பந்து வீச்சாளர்களுக்காகக் கட்டிப் புரள்வார்கள். நான் தூண் ஓரமாகப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்பேன். "இந்த..." என்பார் அவர். மூச்சு கேட்கும். "இந்த மேட்ச்..." மறுபடி மூச்சு. "வேணாம்டா" என்று வருவதற்குள் அங்கே நாணயத்தைச் சுண்டிவிட்டிருப்பார்கள், என் ஓவர் போய்விட்டிருக்கும்.

"வாத்தியாரே, உங்க டீம் சொல்லல!" என்று தையல்காரர் கத்துவார்.

நான் இன்னும் போனைக் காதிலிருந்து எடுத்திருக்க மாட்டேன். சில சமயம் "வேணாம்" என்ற பிறகும் அவர் ஏதோ சொல்லத் தொடங்குவார்.